டிரெய்லர் காசில் போட்ட தெரு

எங்கள் பட்டறை வரிசையில் எல்லோரும் அவரைப் பிரேக் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். புதிதாக வருகிறவர்கள் பிரேக் வேலை செய்கிறவர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். அதெல்லாம் இல்லை. அவர் டிரெய்லர் ஓட்டுகிறவர். வாய்க்குப் பிரேக் கிடையாது என்பதால் வந்த பெயர் அது. அவருக்கும் அது தெரியும். "பேருலயாவது இருக்கட்டுமே" என்பார்.

என் டயர் கடைக்கும் அவருடைய வண்டி நிற்கும் கொட்டகைக்கும் நடுவே ஒரு தகரச் சுவர்தான். அவர் போனில் பேசினால் எனக்குக் கேட்கும். போன் இல்லாமல் பேசினால் தெருக்கோடிக்கே கேட்கும்.

அவருடைய புருஷன்தான் முதலில் லாரி வைத்திருந்தவர். ஒரு லாரி, அதன் பின்னால் மாட்டி இழுக்க ஒரு நீள டிரெய்லர். துறைமுகத்தில் கண்டெய்னர் ஏற்றிக் கிடங்குகளில் இறக்குகிற வேலை. ஒருநாள் அந்த மனுஷன் இன்னொருத்தியோடு போய்விட்டார். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஆறுதல் சொல்ல வந்தபோது அக்கா சொன்ன பதில் இன்றைக்கும் எங்கள் வரிசையில் பேசப்படுகிறது. "போனது போகட்டும். வண்டியை விட்டுட்டுப் போனானே, அந்த அளவுக்காவது அவனுக்குப் புத்தி இருந்துச்சே."

அழுதாரா என்று எனக்குத் தெரியாது. ஓட்டப் பழகினார் என்று தெரியும். வெறும் லாரியை யாரும் ஓட்டிவிடலாம். பின்னால் டிரெய்லர் மாட்டிக்கொண்டு ரிவர்ஸ் எடுப்பதுதான் ஆளைக் கொல்லும். ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினால் டிரெய்லர் வலப்பக்கம் போகும். துறைமுகத்துக்குப் பின்னாலிருந்த காலி மைதானத்தில் பழைய பீப்பாய்களை நிறுத்திவைத்து, அவற்றை ஒவ்வொன்றாக இடித்துத் தள்ளித் தள்ளி, கடைசியில் இடிக்காமல் ஓட்டப் பழகினார். ஒவ்வொரு பீப்பாய்க்கும் புருஷன் பெயரை வைத்திருந்தார் என்று டிரைவர்கள் சிரிப்பார்கள்.

வண்டியைத் தன் பெயருக்கு மாற்றத்தான் முதன்முதலில் அவர் பதிவு அலுவலகத்துக்குப் போனார். லாரிக்கு ஒரு கட்டணம், டிரெய்லருக்குத் தனியாக ஒரு கட்டணம் என்றார்கள். ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு கேட்டாராம்: "லாரிக்கு இஞ்சின் இருக்கு, கேக்கறீங்க, சரி. டிரெய்லர்ல என்ன இருக்கு? இரும்புச் சட்டமும் சக்கரமும்தானே? மாடு இல்லாத வண்டிக்கும் வரியா?"

உள்ளே இருந்தவர் நல்ல மனுஷர் போல. "அதும் ரோட்டைத் தேய்க்குதும்மா. சுமை முழுக்க அதும்மேலதானே? அந்தக் காசுலதான் ரோடு போடறோம்" என்றிருக்கிறார்.

அக்கா யோசித்துப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டினார். "நியாயமாப் பேசினா நான் ஏன் கத்தப்போறேன்?" என்று வந்து என்னிடம் சொன்னார். அந்த ஒரு பதிலை அவர் நம்பியதுதான் பின்னால் வந்த அத்தனைக்கும் ஆரம்பம்.

சில வருஷங்களில் இரண்டாவதாக ஒரு லாரியும் டிரெய்லரும் வாங்கினார். அதை ஓட்டியவன் அவருடைய தம்பி. அக்காவுக்குக் கொடுத்த பேச்சையெல்லாம் கடவுள் தம்பியிடமிருந்து எடுத்துக்கொண்டார் போல, அவன் அவ்வளவு அமைதி. டயர் மாற்ற வந்தால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருப்பான். போகும்போது "வரேண்ணே" என்பான். அவ்வளவுதான்.

துறைமுகத்திலிருந்து கிடங்குகளுக்குப் போகும் சாலையில் ஒரு திருப்பம் இருக்கிறது. டிரைவர்கள் அதைக் கழுத்து என்பார்கள். அங்கே சாலை சட்டென்று ஒடுங்கித் திரும்பும். ஒரு பக்கம் மதில், இன்னொரு பக்கம் கால்வாய். எதிரே என்ன வருகிறதென்று வந்த பிறகுதான் தெரியும். வண்டி கோளாறாகி நின்றால் ஒதுங்க ஒரு அடி மண் கிடையாது. அந்தச் சாலையில் ஓடுவதில் பாதிக்கு மேல் டிரெய்லர்கள்.

அப்போதுதான் அரசாங்கம் டிரெய்லருக்கு வருஷா வருஷம் கட்டுகிற பதிவுக் கட்டணத்தை இரண்டு மடங்காக்கப் போவதாகச் செய்தி வந்தது. வண்டி முதலாளிகள் சங்கக் கட்டடத்தில் கூட்டம் போட்டார்கள். துறையிலிருந்து ஓர் அதிகாரி வந்து பேசினார். கூடுதலாக வசூலாகும் பணம் முழுக்கத் தனி நிதியாக வைக்கப்படும் என்றார். கனரக வாகனச் சாலை நிதி என்று அதற்குப் பெயர். அதில் முதல் வேலையே கழுத்துத் திருப்பத்தை அகலப்படுத்தி, பக்கத்தில் வண்டிகள் ஒதுங்க இடம் கட்டுவதுதான் என்று மேசையில் தட்டிச் சொன்னார்.

கூட்டத்தில் கூச்சல். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாக, சங்கத் தலைவர் வேறு "வேலைநிறுத்தம்!" என்று ஒரு வார்த்தையை வீசிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அப்போது எழுந்தது அக்காதான்.

"நான் கட்டறேன்" என்றார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு முன்னைவிடக் கூச்சல்.

"கத்தாதீங்க, கத்தறது என் வேலை" என்றார். சிரிப்பு வந்தது. "கழுத்துல மாசத்துக்கு ஒரு வண்டி கவுறுது. கவுந்தா ஆகற செலவு எவ்வளவுன்னு உங்க எல்லாருக்கும் தெரியும். ரோடு வேணுமா வேணாமா? வேணும்னா காசு குடுக்கணும். குடுத்துட்டு, ரோட்டைப் போட்டியான்னு சட்டையைப் பிடிச்சுக் கேக்கலாம். குடுக்காமயே எப்படிக் கேக்கறது?"

அந்தப் பேச்சுக்குப் பிறகுதான் கூட்டம் இறங்கி வந்தது. பெரிய முதலாளிகள் முணுமுணுத்தார்கள். ஒரே ஒரு டிரெய்லரைக் கடனில் ஓட்டிக்கொண்டிருந்த சின்ன ஆட்கள், "அக்காவே சொல்றாங்க" என்று கட்டினார்கள். அந்த வருஷம் எல்லோரும் கட்டினார்கள். அடுத்த வருஷமும். அதற்கடுத்த வருஷமும். கழுத்து அப்படியேதான் இருந்தது. அக்கா கேட்டபோதெல்லாம் "மண் பரிசோதனை நடக்குது", "டெண்டர் விடப்போறோம்" என்று ஏதாவது பதில் வந்தது. கிணற்றில் போட்ட கல்லாவது 'தொபுக்'கென்று ஒரு சத்தம் போடும்.

ஒரு மழை நாள் பிற்பகல் தம்பியின் டிரெய்லருக்குப் பின் டயர் வெடித்தது, கழுத்துக்குச் சற்று உள்ளே. அவனால் நகர்த்தவும் முடியவில்லை, ஒதுங்கவும் இடமில்லை. திருப்பத்துக்கு முன்னால் முக்கோணப் பலகையை வைத்துவிட்டு, சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு, குனிந்து ஜாக்கியை மாட்டிக்கொண்டிருந்தான். மழையில் திருப்பத்தைச் சுற்றி வந்த இன்னொரு டிரெய்லர் பிரேக் பிடித்தும் நிற்கவில்லை. தம்பியின் வலது கால் முழங்காலுக்குக் கீழே போனது.

நானும் அக்காவும்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இடித்த வண்டியின் டிரைவர் வராந்தாவில் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அக்கா அவனைக் கிழித்துவிடப் போகிறார் என்று நான் பயந்தேன். அக்கா அவன் பக்கத்தில் போய் நின்றார். "எழுந்திரு. உன் மேல தப்பில்ல. அங்க நீ எப்படி நிறுத்த முடியும்? போய் முகத்தைக் கழுவு" என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

அறுவைச் சிகிச்சை முடிந்து தம்பி கண் விழித்தான். அக்காவைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. அவன் எப்போதுமே ஒன்றும் சொல்லாதவன். ஆனால் அவன் மனைவி பேசினாள். அவளும் சத்தம் போட்டுப் பேசுகிறவள் இல்லை. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அக்காவின் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்.

"அந்த ரோட்டைப் போட்டுருவாங்கன்னு சொன்னது நீங்கதானே அண்ணி?"

அக்காவுக்குப் பதில் வரவில்லை. பிரேக் அக்காவுக்குப் பதில் வராமல் நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

மறுநாளிலிருந்து அவர் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். பதிவு அலுவலக ஜன்னலில் இப்போது வேறோர் இளைஞன் இருந்தான். "நாங்க வசூல் பண்றதோட சரி மேடம். காசு இங்க நிக்காது, மேல போயிடும்" என்றான்.

"மேலன்னா எங்க? வானத்துலயா?"

சாலைத் துறையில் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு, அங்கிருந்து மாடிக்கு. கடைசியில் ஒரு பொறியாளர் கையை விரித்தார். "வந்தா போட மாட்டோமா? எங்களுக்கு அந்த நிதியிலேர்ந்து கழுத்துக்குன்னு ஒரு பைசா வரல. நீங்க நிதித் துறையில கேளுங்க."

நிதித் துறையில் இரண்டு முறை காக்கவைத்துத் திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது முறை நானும் கூடப் போனேன். அங்கே ஒரு பெண் அதிகாரி இருந்தார். அக்காவின் வயதுதான் இருக்கும். எங்களை உட்காரச் சொன்னார், எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"உங்க தம்பிக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"கால் இல்ல. மத்தபடி நல்லா இருக்கான். காசு எங்க?"

அவர் பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டே இருந்தார். "செலவாயிடுச்சும்மா."

"எதுல?"

"பூங்காச் சாலையில."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. பூங்காச் சாலை நகரத்து நடுவில் அரசாங்க அலுவலகங்களும் பெரிய ஓட்டல்களும் இருக்கிற தெரு. அதைத்தான் சமீபத்தில் அழகுபடுத்தியிருந்தார்கள். ஓரமெல்லாம் வழவழவென்று கல் பதித்து, நடுவில் ஒரு நீரூற்று வைத்து, சுற்றிலும் நிறம் மாறும் விளக்குகள் போட்டிருந்தார்கள். அக்காவுக்குப் புரிந்துவிட்டது.

"அந்தத் தெருவுல கனரக வாகனம் நுழையக் கூடாதுன்னு போர்டு இருக்கே" என்றார்.

"இருக்கு."

"அப்புறம் எப்படி?"

"சட்டத்துல 'சாலை மேம்பாடு'ன்னுதான் எழுதியிருக்கு. எந்தச் சாலைன்னு எழுதல. பங்கு பிரிக்கிறது ஒரு குழு. வருஷா வருஷம் உக்காந்து முடிவு பண்ணுவாங்க. நாங்க பணத்தை அனுப்பற ஆளுங்க மட்டும்தான்." அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினார். "அந்தக் குழுவுல வண்டிக்காரங்க தரப்புலயும் ஒருத்தர் இருக்கார். உங்க சங்கத் தலைவர். அவரும் ஒத்துக்கிட்டார். ஒருத்தர்கூட மறுப்புச் சொல்லல. இதை நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. சொன்னாலும் பரவால்ல."

வெளியே வந்து படியில் இறங்கும்போது அக்கா ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். "ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையேன்னு ஊத்தியிருக்கானுங்க." பிறகு சங்கக் கட்டடம் போய்ச் சேரும்வரை வாயைத் திறக்கவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

தலைவர் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார். அக்கா நின்றபடியே கேட்டார்.

"பூங்காச் சாலைக்கு நம்ம நிதியைக் குடுக்கலாம்னு நீங்க கை தூக்கினீங்களா?"

அவர் மறுப்பார், சண்டை வரும் என்று நினைத்தேன். அவர் மறுக்கவே இல்லை. யோசிப்பது போலக் கூரையைப் பார்த்தார். "என்னமோ படிச்சாங்கம்மா. வேகமாப் படிச்சாங்க. எல்லாரும் கை தூக்கினாங்க, நானும் தூக்கினேன். பெரிய மனுஷங்க நடுவுல நான் மட்டும் என்னத்தைச் சொல்றது?"

"கழுத்தைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"நேரம் இல்லம்மா. முடிஞ்சதும் சாப்பாடு. நல்ல சாப்பாடு, பொய் சொல்லக் கூடாது."

திருடனாக இருந்திருந்தால்கூட அக்காவுக்குத் தேவலையாக இருந்திருக்கும். பணம் வாங்கிக்கொண்டு விற்றான் என்றால் திட்ட ஒரு சொல் இருக்கிறது. இந்த ஆள் ஒரு வேளைச் சோற்றுக்குக்கூட விற்கவில்லை. கை தூக்கினார்கள், தூக்கினார். சோறு போட்டார்கள், தின்றார். அக்கா மேசையருகே போனார். "என் தம்பி காலு உங்க இலையில இருந்துச்சுய்யா. ருசியா இருந்துச்சா?" என்றார். தலைவர் அப்போதுதான் எழுந்து நின்றார். அக்கா திரும்பிப் பார்க்காமல் வெளியேறினார்.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். "டயர் கடைக்காரரே, வண்டில ஏறுங்க, ஒரு எடம் வரைக்கும் போகணும்" என்றார். பழைய டயர் ஏதோ பார்க்கத்தான் கூப்பிடுகிறார் என்று நானும் கையைத் துடைத்துக்கொண்டு ஏறினேன். பின்னால் காலி டிரெய்லர். துறைமுகப் பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் வண்டி நகரத்துப் பக்கம் திரும்பியது.

"அக்கா, எங்க போறோம்?"

"நம்ம தெருவைப் பாக்கப் போறோம்."

"நம்ம தெருவா?"

"காசு குடுத்தது நாம. அப்ப நம்ம தெருதானே?"

இறங்கிவிடலாமா என்று நினைத்தேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, நினைத்தேன். வண்டி நின்றால்தானே இறங்க முடியும்? பூங்காச் சாலையின் முனையில் சிவப்பு வட்டத்துக்குள் லாரி படம் போட்ட போர்டு பளபளவென்று நின்றது. அதையும் நம் காசில்தான் வைத்திருப்பார்கள். அக்கா அதன் பக்கத்தில் வண்டியின் வேகத்தைக் குறைத்து, ஹாரனை ஒருமுறை அழுத்திவிட்டு உள்ளே நுழைந்தார்.

அந்தத் தெருவில் எங்கள் வண்டி போனது வீட்டுக்குள் யானை புகுந்தது போலத்தான் இருந்தது. கார்கள் ஒதுங்கின. ஓட்டல் வாசலில் நின்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். நீரூற்றைச் சுற்றித் திரும்பும்போது டிரெய்லரின் பின்பக்கச் சக்கரங்கள் ஓரத்துக் கல்லின்மேல் ஏறின. படபடவென்று கல் உடையும் சத்தம் உள்ளேவரை கேட்டது. லாரி நீரூற்றின் ஒரு பக்கமும் டிரெய்லர் மறுபக்கமுமாக மடங்கி வண்டி சிக்கி நின்றது. அக்கா இஞ்சினை அணைத்தார். கதவைத் திறந்து, படியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

போலீஸ் இன்ஸ்பெக்டர் வந்தார். "என்னம்மா, போர்டைப் பாக்கலியா?"

"பாத்தேன். அதனாலதான் வந்தேன்."

"வண்டியை எடுங்க."

"எடுக்கறேன். கனரக வாகனச் சாலை நிதியில போட்ட ரோட்டுல கனரக வாகனம் ஏன் வரக் கூடாதுன்னு பதில் சொல்றவங்க யாராவது வரட்டும். வந்து சொல்லட்டும். எடுத்துடறேன்."

கூட்டம் கூடிவிட்டது. நூறு போனாவது படம் எடுத்திருக்கும். போலீஸ் டிரைவர் ஒருவரை ஏறி எடுக்கச் சொன்னார்கள். அவர் டிரெய்லரின் நீளத்தையும் நீரூற்றையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது நம்மால ஆகாது சார்" என்று விலகிக்கொண்டார். பக்கத்து அலுவலகத்திலிருந்து கோட்டுப் போட்ட பெரிய அதிகாரி ஒருவர் நடந்து வந்தார். உடைந்த கற்களைத்தான் முதலில் பார்த்தார்.

"உங்க குறையை எழுத்துல குடுங்கம்மா, பரிசீலிக்கறோம்" என்றார்.

அக்கா படியிலிருந்து இறங்கினார். அவருடைய குரல் அந்தத் தெருவின் கண்ணாடிச் சுவர்களிலெல்லாம் மோதித் திரும்பியது. "கல்லு உடைஞ்சதுக்கு ஓடி வந்தீங்களே, என் தம்பி எலும்பு உடைஞ்சப்போ எங்க இருந்தீங்க? எங்க வண்டி ஒவ்வொண்ணுக்கும் வருஷா வருஷம் வாங்கினீங்களே, இந்தத் தண்ணி கலர் கலரா ஆடறதுக்கா வாங்கினீங்க? இதுல எந்த டிரெய்லர் வந்து குளிக்கப் போகுது?"

கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள். அதிகாரி வாயைத் திறந்தார். அவர் என்ன சொல்ல வந்தாரோ தெரியாது. அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து ஆம்புலன்ஸ் சத்தம் வந்தது. கார்கள் நெருக்கியடித்து நின்றதால் அதனால் வர முடியவில்லை. அது போக வேண்டிய வழியை மறித்து நின்றது எங்கள் டிரெய்லர்தான்.

அக்கா அதிகாரியை விட்டுத் திரும்பினார். அப்படியே ஏறி இஞ்சினைப் போட்டார். என்னைக் கீழே இறங்கிப் பின்பக்கம் பார்க்கச் சொன்னார். நான் கையைக் காட்டக் காட்ட, முன்னால் ஒரு முழம், பின்னால் ஒரு முழமாக, நீரூற்றில் ஒரு கீறல்கூட விழாமல் அந்த மடங்கிய வண்டியை நிமிர்த்தி, ஓட்டல் வாசலில் ஏற்றி ஒதுக்கி வழி விட்டார். ஆம்புலன்ஸ் போன பிறகு ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார். பதில் சொல்ல வந்த அதிகாரியைத் தேடினேன். அவர் போய்விட்டிருந்தார்.

கேஸ் போட்டார்கள். தடைசெய்யப்பட்ட தெருவில் நுழைந்ததற்கு அபராதம், உடைந்த கல்லுக்கு நஷ்ட ஈடு, ஆறு மாதம் ஓட்டுநர் உரிமம் ரத்து. நீதிமன்றத்தில் அக்கா நிதியைப் பற்றிப் பேச ஆரம்பித்ததுமே நீதிபதி கையைக் காட்டினார். "அது இந்த வழக்கு இல்லம்மா. நுழைஞ்சீங்களா, இல்லையா?" "நுழைஞ்சேன்." முடிந்தது. பணம் கட்ட, தம்பி ஓட்டிய லாரியையும் டிரெய்லரையும் விற்றார். வாங்கியவர் பெயருக்கு மாற்ற அதே பதிவு அலுவலகத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது. விற்பதற்கும் ஒரு கட்டணம் என்றார்கள். அதே இளைஞன், அதே ஜன்னல். அக்கா நோட்டுகளை ஜன்னலுக்குள் தள்ளிவிட்டு, "மேல போறப்ப இதுங்ககிட்ட சொல்லி அனுப்பு தம்பி, பூங்காச் சாலைக்கு வழி தெரியும், போய்ச் சேந்துடும்" என்றார். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

ஆனால் அந்தப் படங்கள் எல்லாப் போனிலும் சுற்றிவிட்டன. 'கனரக வாகனங்களுக்கு அனுமதி இல்லை' போர்டும், பின்னால் சிக்கிக் கிடக்கும் டிரெய்லரும். எங்கள் ஆட்களுக்கு அப்போதுதான் தங்கள் பணம் எங்கே போனதென்று தெரிந்தது. சங்கக் கூட்டத்தில் தலைவரை உட்காரவிடவில்லை. தலைவர் பதவியை வைத்துக்கொள்ளட்டும், குழுவுக்கு மட்டும் வேறு ஆளை அனுப்புவோம் என்று முடிவானது. அக்காவின் பெயரைச் சொன்னபோது, கடனில் வண்டி ஓட்டிய ஒருவர் எழுந்தார். கண் சிவந்திருந்தது.

"இவங்க வாயை நம்பித்தான் முதல்ல ஏமாந்தோம். மறுபடியும் இவங்களா?"

கூட்டம் அக்காவைப் பார்த்தது.

"நீ சொல்றது சரி" என்றார் அக்கா. "என் வாயாலதான் ஏமாந்தீங்க. நானும் ஏமாந்தேன். ஏமாந்தவளை அனுப்பினாத்தான் அங்க போய்த் தூங்க மாட்டா. வேற யாராவது போறீங்கன்னா போங்க, நான் கை தட்டறேன். ஆனா அங்க சோறு போடுவாங்க, சாக்கிரதை."

சொற்ப ஓட்டு வித்தியாசத்தில்தான் ஜெயித்தார்.

குழுவில் ஒன்பது பேர். எட்டுப் பேர் ஒரு பக்கம் கை தூக்கினால் அக்கா மட்டும் மறுபக்கம் தூக்குவார். முதல் வருஷம் விமான நிலையத்துக்குப் போகும் சாலையில் அலங்கார வளைவு கட்ட அந்த நிதியைக் கேட்டார்கள். அக்கா வேகமாகப் படித்தவரை நிறுத்தி, "மறுபடியும் படிங்க. மெதுவா" என்றார். மறுபடியும் படித்தார். "இன்னொரு தடவை." சாப்பாட்டு நேரம் தாண்டியது. எல்லோருக்கும் பசி. பசி ஏற ஏற அவர்களுக்கு அலங்கார வளைவின்மேல் இருந்த ஆசை குறைந்தது. கடைசியில் அதைத் தள்ளிவைத்தார்கள். வெளியே மேசையில் மூடிவைத்திருந்த சோற்றைத் திரும்பிப் பார்க்காமல் அக்கா பஸ் ஏறி வந்துவிட்டார். உரிமம் திரும்பக் கிடைக்காத காலம் அது.

இரண்டாம் வருஷம், அந்த நிதியைக் கனரக வாகனங்கள் ஓடுகிற சாலையில் மட்டுமே செலவழிக்கலாம் என்று ஒரு வரியைச் சேர்க்கவைத்தார். அந்த ஒரு வரிக்கு எத்தனை பேரிடம் கத்தினார், எத்தனை பேர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார் என்று எனக்குத் தெரியும். கெஞ்சுவதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு பாத்திரங்களை உருட்டுவார். தம்பிக்கு அதற்குள் பொய்க்கால் பொருத்தியிருந்தார்கள். கொட்டகையில் ஒரு மேசை போட்டு, லோடு பிடிக்கிற வேலையை அவன்தான் பார்த்துக்கொண்டான். ஒருநாள் அவன் மனைவி ஒரு தட்டில் சாப்பாடு கொண்டுவந்து அக்காவின் முன்னால் வைத்தாள்.

"சாப்பிடுங்க அண்ணி. கத்தறதுக்கும் தெம்பு வேணும்ல" என்றாள்.

அக்கா தட்டை இழுத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் கேட்ட கேள்விக்கு இருவரும் திரும்பப் போகவில்லை.

மூன்றாம் வருஷம் கழுத்தில் வேலை தொடங்கியது. திருப்பத்தை நேராக்கப் பணம் போதாது என்றார்கள். போதாதுதான். நீரூற்றில் கொட்டியது போக மிச்சம் எவ்வளவு இருக்கும்? கால்வாயின் ஒரு பகுதியை மூடி, வண்டிகள் ஒதுங்க ஒரு தளம் போட்டார்கள். விளக்கும் வைத்தார்கள். திறப்பு விழாவுக்கு அக்காவைக் கூப்பிட்டு ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோலை நீட்டினார்கள். அவர் வாங்கவில்லை. "இதென்ன நீங்க போடற பிச்சையா, நான் ரிப்பன் வெட்டி வாங்கிக்கறதுக்கு? எங்க காசு, லேட்டா வந்திருக்கு. அவ்வளவுதான்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். கோட்டுப் போட்டவர்கள் தாங்களே ரிப்பனை வெட்டிக்கொண்டார்கள்.

விழா முடிந்து கார்கள் போனதும் டிரெய்லர்கள் வர ஆரம்பித்தன. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. டிரைவர்கள் இறங்கிச் சோம்பல் முறித்தார்கள். ஒருவர் டயரைத் தட்டிப் பார்த்தார், ஒருவர் வண்டிக்கடியில் துண்டை விரித்துப் படுத்தார். அதே இடத்தில் அப்படிப் படுத்து யாரும் பார்த்ததில்லை. தம்பி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

ஐந்தாவது டிரெய்லர் வந்தது. அதன் முன்பக்கம் தளத்தில் ஏறியது. வால் ஏறவில்லை. சாலையிலேயே நீட்டிக்கொண்டு நின்றது.

அக்காவின் முகம் மாறுவதைப் பார்த்தேன். அங்கேயே போனை எடுத்துப் பொறியாளரைக் கூப்பிட்டார்.

"எத்தனை வண்டிக்குப் போட்டீங்க?... ஆறா? எந்த ஆறு? பொம்மை வண்டியா? வாங்க, வந்து நிறுத்திக் காட்டுங்க... நாளைக்கு இல்ல. இப்ப. நான் இங்கதான் நிக்கறேன்."

ஐந்தாவது வண்டியின் டிரைவரை நிற்காமல் கிடங்குக்குப் போகச் சொல்லிவிட்டு, அவர் தளத்தின் விளிம்பில் இடுப்பில் கை வைத்து நின்றார். தம்பி பொய்க்காலை ஊன்றி மெல்ல நடந்துபோய் ஒரு காலி டிரம்மை உருட்டிக்கொண்டு வந்து அவருக்குப் பின்னால் வைத்தான்.

"உக்காந்து கத்து, அக்கா. நேரமாகும்" என்றான்.